நன்னாரிப் பாறையின் பின்பக்கம்

யாரோ என் பாறையில் ஏறிவிட்டுத் துடைக்காமல் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு வந்ததே கோபம். பாறை ஏறுகிறவன் வியர்வைக்காகக் கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொள்வான். பிடித்த இடத்தில் எல்லாம் அந்தப் பொடி ஒட்டும். ஏறி முடித்ததும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். சாப்பிட்ட இலையை எடுக்கிற மாதிரிதான். இதைக்கூடச் செய்யாதவனை நான் மனுஷன் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆவணி மாதம், திங்கட்கிழமை, காலை ஆறு மணி. திருவெள்ளறையைத் தாண்டித் துறையூர் ரோட்டிலிருந்து மண்பாதையில் பிரிந்து ஒரு கிலோமீட்டர் போனால், கருவேலங்காட்டுக்கு நடுவில் நிற்கிறது அந்தப் பாறை. இருபது அடி உயரம். முன்பக்கம் குடை மாதிரி வெளியே சாய்ந்திருக்கும். பின்பக்கம் சரிவு, ஆடுகூட ஏறி இறங்கும். முன்பக்கமாக இதுவரை யாரும் ஏறியதில்லை. அதாவது, யாரும் ஏறியதில்லை என்று ஊர் முழுக்க நான் சொல்லி வைத்திருந்தேன்.

என் பெயர் அறிவுமதி. வயது முப்பத்திரண்டு. பாறை ஏறுவது தொழில் என்று சொன்னால் திருவானைக்காவலில் எங்கள் தெரு இன்னும் சிரிக்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில், "அதுல என்ன வருமானம் தம்பி, குரங்குக்கே யாரும் சம்பளம் குடுக்கறதில்லையே" என்று ஒருவர் கேட்டார். பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். போட்டிகளில் ஏழு பதக்கம் வாங்கியிருக்கிறேன். பெங்களூரில் ஒரு ஜிம்மில் சொல்லிக்கொடுக்கிறேன்; வாரக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுவேன், இந்தத் தடவை இந்தப் பாறைக்காகவே லீவு போட்டு வந்திருந்தேன். ஒரு ஷூ கம்பெனி என் படத்தை டப்பாவில் போட்டிருக்கிறது. கயிறு இல்லாமல், கீழே மெத்தையைப் போட்டுவிட்டு, சின்னப் பாறைகளில் ஏறுவது என் வகை. போல்டரிங் என்பார்கள்.

ஷூ கம்பெனியோடு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. இரண்டு வருடமாக நான் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. வலது மோதிர விரலில் தசைநார் கிழிந்து, ஒட்டி, மறுபடி கிழிந்துவிட்டது. இந்தப் பாறையை முதல் ஆளாக ஏறி வீடியோ கொடுத்தால் இன்னும் மூன்று வருடம் நான் பாறை ஏறுகிறவன். இல்லாவிட்டால், ஜிம்மில் பிறந்தநாள் கொண்டாட வருகிற பிள்ளைகளுக்கு பெல்ட் மாட்டிவிடுகிறவன்.

ஆக, நான்கு பிடிகளில் பொடி இருந்தது. ஊதினால் பறக்கிற அளவுக்குப் புதிது. திட்டிக்கொண்டே பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். மூன்றாவது பிடியில் கை நின்றது. அது இடது கைக்கான பிடி. மூன்று விரல் தடம் முழுசாக இருந்தது. சுண்டுவிரல் தடம் பாதிதான் இருந்தது. பாதித் தடம் விழுவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதையும் தேய்த்துவிட்டேன்.

ஹாலித்துக்கு இடது சுண்டுவிரல் பாதிதான். ஏழு வயதில் கடை ஷட்டரில் சிக்கியது. பெரிய கடை வீதியில் அவர்களுக்குப் பாத்திரக்கடை. அத்தா குவைத்தில் இருந்ததால் கடை முழுக்க அவன் தலையில். எட்டாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்ச். எந்தக் கல்லைப் பார்த்தாலும் இரண்டு பேருக்கும் கை அரிக்கும். நான் அதையே தொழிலாக்கிக்கொண்டு பெங்களூர் போனேன், அவன் ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் ஏறினான். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்த என்னைவிட, ஆறு நாள் குண்டான் விற்ற அவன் நன்றாக ஏறினான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதும்போதே வயிறு எரிகிறது. செத்தவன்மேல் என்ன வயிற்றெரிச்சல் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.

அவனிடம் எனக்குப் பிடிக்காதது அவன் நடை ஒன்றுதான் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். செருப்பைத் தரையோடு இழுத்து இழுத்து நடப்பான். தெருமுனையில் வரும்போதே சரக், சரக் என்று கேட்கும். காலைத் தூக்கி வைத்து நடடா என்று பதினெட்டு வருடம் கத்தியிருக்கிறேன். அவன் சிரிப்பான், இன்னும் கொஞ்சம் இழுப்பான்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு காலை இந்தப் பாறையில் விழுந்து இறந்தான். ஏறும்போது கை வழுக்கி விழுந்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், போலீசில் சொன்னேன், அவன் தங்கை சம்ரீனிடம் சொன்னேன். அப்போது அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்தத் திங்கட்கிழமை ஐந்தாவது பிடிவரை போய் ஆறு தடவை விழுந்தேன். எட்டரைக்கெல்லாம் கல் சுட ஆரம்பித்துவிடும் என்பதால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் நாலரைக்கு, முன்பக்கம் நிழல் விழுந்ததும் திரும்பி வந்தேன். நான் துடைத்துவிட்டுப் போன பாறையில் ஆறு பிடிகளில் வெள்ளைத் தடம் இருந்தது. இடது கைத் தடங்கள் எல்லாவற்றிலும் சுண்டுவிரல் பாதி.

காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் நடுவில் யாரும் அந்தப் பாறையில் ஏற முடியாது. உச்சி வெயிலில் அதில் உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணினால் தோல் கையோடு வராது. நான் அங்கேயே நின்றேன்.

கொஞ்சம் தள்ளி மாரியாயி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். தொட்டியத்துக்காரர், மகளோடு இருக்கலாம் என்று இந்தச் சித்திரையில்தான் இந்தப் பக்கம் வந்தார். போன வருடத்துக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை. பகலில் யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

"உங்க கூட்டாளிதான் வந்தாரு தம்பி," என்றார். "ஒல்லியா, தாடி வச்சுக்கிட்டு. தெனமும் மத்தியானம் வராரே, உங்களுக்குத் தெரியாதா? வெயிலு சுடுமேய்யான்னு கேட்டேன், காதுலயே வாங்கல. ஏறிப்போயி மேல உக்காந்துக்கிட்டு செருப்பு கேக்குறாரு."

"என்ன கேக்குறாரு?"

"செருப்புதான். மாப்ள, செருப்பக் கொண்டான்னு. இங்க செருப்பு ஒண்ணையும் காணோம், நான் எங்க போவேன்? நீங்கதான் கூட்டாளியாச்சே, கொண்டு போய்க் குடுங்களேன்." பிறகு, ஆட்டை ஓட்டிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "ஏறுறதப் பாத்திருக்கேன். எறங்கி வந்து ஒருநாளும் பாத்ததில்ல."

நான் மெத்தைமேல் உட்கார்ந்துவிட்டேன். அரைச் சுண்டுவிரல் ஊருக்கே தெரியும். செருப்பு விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் கபர்ஸ்தானில் இருக்கிறான்.

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஹாலித் ஏறும்போது விழவில்லை. ஏறி முடித்தான்.

அன்றைக்கு நான் கீழே கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். கீழே நிற்கிறவன் ஏறுகிறவனுடைய கையைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் ஆள் விழுவான். அதனால் அவன் எந்தப் பிடியை எப்படிப் பிடித்தான் என்று எனக்குத் தெரியாது. இடுப்பு மேலே போனது, விளிம்பைத் தாண்டியது, மறைந்தது. அப்புறம் மேலிருந்து "நன்னாரி!" என்று ஒரு கத்தல். முதலில் ஏறுகிறவன் பாறைக்குப் பெயர் வைப்பான், உச்சியில் நின்று அதைக் கத்துவான். ஞாயிறுதோறும் ஏறி முடித்ததும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இரண்டு பேரும் நன்னாரி சர்பத் குடிப்போம். அதுவரை நான் விரல் கிழியத் தொங்கிய பாறைக்கு அவன் சர்பத்தின் பெயரை வைத்துவிட்டான்.

எங்கள் இருவருக்கும் மட்டும் இன்னொரு வழக்கம் இருந்தது. ஏறும் ஷூ காலைவிட இரண்டு சைஸ் சின்னது. விரல்கள் மடங்கிக் கிடக்கும், உச்சிக்குப் போனதும் கழற்றி எறியத்தான் தோன்றும். அதைப் போட்டுக்கொண்டு ஈரத்தில் நடந்தால் வழுக்கும். அதனால் கீழே இருப்பவன், மேலே போனவனுடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சரிவில் ஏறிக் கொடுக்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

முந்தின நாள் ராத்திரி மழை. குடை மாதிரி இருந்த முன்பக்கம் நனையவில்லை. பின்பக்கச் சரிவு முழுக்கப் பாசி. "மாப்ள, செருப்பக் கொண்டா" என்றான். அவன் செருப்பு என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. நான் மெத்தைமேல் உட்கார்ந்து என் ஷூவின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இருந்தேன். பொறாமை, வேறென்ன? கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். கோபமாகக் கூப்பிட்டிருந்தால் எழுந்திருப்பேனோ என்னவோ. "சரி, நானே வரேன்" என்றான். அப்புறம் பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அது குரல் இல்லை.

ஏறி முடித்தான் என்று சொன்னால், பிறகு எப்படி விழுந்தான் என்று கேட்பார்கள். அதனால்தான் மாற்றிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் ஏறவில்லை என்றால் பாறை இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. அந்த யோசனை ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு வந்துவிட்டது. அவன் செருப்பை என் பையில் போட்டுக்கொண்டேன். வாட்சும் சட்டையும் வந்துவிட்டன, அண்ணன் செருப்பு எங்கே என்று சம்ரீன் கேட்டாள். காட்டில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று சொன்னேன். பத்து மாதமாக அது என் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.

மாரியாயி சொன்னதைக் கேட்ட பிறகு வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். நான் செவ்வாய்க்கிழமை காலையே போய் நின்றேன். என் வெட்கங்கெட்டதனத்தை நான்தானே சொல்ல வேண்டும். தடங்களைத் துடைக்கவில்லை. அதைப் பார்த்துப் படித்தேன். ஐந்தாவது பிடியை இரண்டு வருடமாக நான் வலது கையால் பிடித்து விழுந்துகொண்டிருந்தேன். தடம் இடது கை என்றது. இடது கையை வைத்தேன், உடம்பு தானாகத் திரும்பியது, அடுத்த பிடி கைக்கு வந்தது. புதன்கிழமை எட்டாவது பிடிவரை தடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பத்து. நான் எங்கே விழுகிறேனோ அதற்கு ஒரு பிடி மேலே, மறுநாள் தடம் இருக்கும். மத்தியானத்தில் மட்டும் நான் அங்கே இருக்கவில்லை. பன்னிரண்டு மணி ஆனால் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது, அவ்வளவு ஆசையாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிலோமின்ராஜை வரச்சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற பையன், கல்யாண வீடியோ எடுப்பவன். வந்ததும் பாறையைப் பார்த்துவிட்டு, நேற்றே ஏறிவிட்டீர்களா சார், உச்சிவரைக்கும் வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டான். விளிம்பில் ஒரு முழு வலது கைத் தடமும், மூன்றரை விரலோடு ஒரு இடது கைத் தடமும் இருந்தன. பயிற்சி என்று சொல்லி வைத்தேன்.

மெத்தையை விரித்தேன். செருப்பைக் கழற்றிப் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, வலதுபக்க வாரில் ஒரு ஊக்கு குத்தியிருக்கும். ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறினேன். அவன் கை வைத்த இடத்தில் என் கையை வைத்துக்கொண்டே போனேன். பொடி ஒவ்வொரு தடவையும் இளஞ்சூடாக இருந்தது, சற்று முன்பு யாரோ கையை எடுத்த மாதிரி. அப்போது வெயில் இன்னும் மரத்தைத் தாண்டவில்லை. பத்தாவது பிடியிலிருந்து விளிம்புக்குத் தாவ வேண்டும். தாவினேன். விரல் வலித்தது, பிடி நின்றது. முட்டியைத் தூக்கிப்போட்டு மேலே ஏறிவிட்டேன். கீழே பிலோமின்ராஜ் கைதட்டினான்.

கம்பெனிக்கு எழுதி அனுப்பி அவர்களும் சரி என்று சொன்ன பெயர் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. அதைக் கத்த வாயைத் திறந்தபடி திரும்பினேன்.

பின்பக்கச் சரிவு தொடங்கும் இடத்தில் என் செருப்பு இருந்தது. இடது, வலது, இரண்டும் ஒழுங்காக, நான் காலை நுழைப்பதற்கு வசதியாக சரிவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. வலதுபக்க வாரில் ஊக்கு இருந்தது.

"பிலோமின், என் செருப்பு கீழ இருக்கா பாரு," என்றேன்.

அவன் குனிந்து தேடினான். பையைத் தூக்கிப் பார்த்தான். "இல்லையே சார். இங்கதான கழட்டுனீங்க, நான் பாத்தேனே," என்றான்.

பத்து மாதத்தில் முதல்முறையாக அழுதேன். பயத்தால் இல்லை. என்னைப் பழிவாங்குவான் என்று நினைத்துத்தான் ஒரு வாரமாக ஒவ்வொரு பிடியாகப் போனேன், உச்சியில் தள்ளிவிடுவான் என்றுகூட நினைத்தேன். அவன் செருப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஏறி முடித்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான். இதைவிட என்னை அவன் தள்ளியே விட்டிருக்கலாம்.

கேமரா ஓடிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றான். "இந்தப் பாறைக்குப் பேரு நன்னாரி," என்றேன். "போன ஐப்பசியில ஹாலித் ஏறி அந்தப் பேர வச்சான். கூட இருந்து பாத்தது நான் ஒருத்தன்தான். நான் இன்னைக்கு ரெண்டாவதா ஏறியிருக்கேன்." மிச்சத்தையும் சொன்னேன், செருப்பு உட்பட. பிலோமின்ராஜ் கேமராவை இறக்கினான். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கி வந்தேன். அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் இருந்த பையை எடுத்துக்கொண்டு பெரிய கடை வீதிக்குப் போனேன். கடையை இப்போது சம்ரீன்தான் பார்த்துக்கொள்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வாங்கண்ணே என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாடிக்கையாளர் வந்தார், இட்லிக் குண்டான் விலை கேட்டார், அவள் பதில் சொல்லாததைப் பார்த்துப் போய்விட்டார். நான் பையிலிருந்து செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். குதிகால் பக்கம் இரண்டும் தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தன.

அந்தத் தேய்ந்த இடத்தை விரலால் தடவினாள். "எத்தன தடவ கூப்பிட்டான்?" என்று கேட்டாள்.

"மூணு தடவ."

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள், கடைக்காரர்களைக் கூட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவள் செருப்பை மறுபடி பையில் போட்டு, என் பக்கம் தள்ளினாள்.

"அந்தம்மா பாத்தது அவனோ என்னமோ, அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்," என்றாள். "ஆனா அவன் கேட்டது உங்ககிட்ட. எங்கிட்ட ஏன் கொண்டாறீங்க?"

திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போனேன். மாரியாயி ஆடுகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். காட்டில் ஒரு பூச்சி சத்தம்கூட இல்லை. நான் வெறுங்காலோடு பின்பக்கச் சரிவில் ஏறினேன். கல் அடுப்பாகச் சுட்டது. பாதம் கொப்பளிப்பது தெரிந்தது, நான் வேகமாகப் போகவில்லை. உச்சியில் யாரும் இல்லை. விளிம்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்த ஆளின் அளவுக்கு ஓர் இடம் மட்டும் சுடவில்லை. கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.

அந்த இடத்துக்கு முன்னால் அவன் செருப்பை வைத்தேன், இடது, வலது, அவன் காலை நுழைப்பதற்கு வசதியாக. "கொண்டாந்துட்டேன்டா," என்றேன். திரும்பி இறங்க ஆரம்பித்தேன்.

பாதிச் சரிவில் எனக்குப் பின்னால் கேட்டது. சரக். கொஞ்சம் விட்டு மறுபடியும் சரக். அவசரம் இல்லாமல், பாறையோடு தேய்த்து இழுத்துக்கொண்டு, எனக்கு இரண்டு எட்டு மேலே வந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். அது வழுக்காமல் மண்ணுக்கு வந்து சேர வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

"காலைத் தூக்கி வச்சு நடடா," என்றேன்.

அது இன்னும் கொஞ்சம் இழுத்தது.